டிங் டீச்சர்

எங்கள் வீட்டு மூத்த மருமகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மாணவர்கள் நேரில் பார்த்தால் "டீச்சர்" என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் "டிங் டீச்சர்" என்பார்கள். கிண்டல்தான், ஆனால் பாசமான கிண்டல். அந்த டிங் பிறந்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். அது ஓர் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று நான் சொன்னால், "நாக்குல நரம்பில்லாமப் பேசாதே" என்று என் வீட்டுக்காரர் அதட்டுவார். அதட்டட்டும். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

நான் அவளுடைய ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு வந்த இருவர் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தால் பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பாடம் நடத்தும் மொழிப் பயிற்சி மையத்தில் எனக்கு வரவேற்பு மேசை வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதனால் வீட்டிலும் அவள் முகம், வேலையிலும் அவள் முகம். சலித்துப்போனதே இல்லை.

மையம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறினால் என் மேசை, அதற்குப் பின்னால் வகுப்பறை, பக்கத்தில் மேனேஜரின் கண்ணாடி அறை. வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரும், எங்களைப் போலவே, இங்கத்திய மொழியில் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். வெல்டிங் வேலை செய்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் துணி மாற்றுபவர்கள் என்று எல்லோரும் வேலை முடிந்த களைப்போடு படியேறி வருவார்கள். அக்கா அவர்களை ஐந்தே நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவாள்.

அப்போது அவள் பாடம் நடத்துவது சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒருத்தர் பேச ஆரம்பித்தால் இன்னொருத்தர் குறுக்கே விழுவார். மூன்றாமவர் தப்பு என்பார். அக்கா நாலாவதாகப் புகுந்து எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசுவாள். இலக்கணம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஆட்கள் வாயைத் திறந்தார்கள். "பேசிக்கிட்டே இருங்க, தப்பெல்லாம் தானா உதிர்ந்துடும்" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

பிறகு தேர்வைக் கணினிக்கு மாற்றினார்கள். முன்பு எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்து கேள்வி கேட்பாள். இப்போது காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். "உங்கள் குரல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும், கேள்வி வரும், பிறகு ஒரு பீப் சத்தம். அதற்குப் பிறகு பேசுவது மட்டும்தான் பதிவாகும். எங்கோ இருக்கும் ஒரு இயந்திரம் அதைக் கேட்டு மதிப்பெண் போடும்.

அந்த முதல் பேட்சில் பாதிக்கு மேல் பெயில். நன்றாகப் பேசுகிறவர்கள் பெயில், தட்டுத் தடுமாறுகிறவர்கள் பாஸ். எங்கள் தையல்காரர் ஒருவர் இந்த மொழியில் சண்டையே போடுவார், அவ்வளவு சரளம். அவரும் பெயில். என் மேசைக்கு முன்னால் நின்று, பெரிய மனுஷன், தோள் குலுங்க அழுதார். அடுத்த மாதமே அவரைக் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. மாதிரித் தேர்வைக் கணினியில் போட்டு, தானே ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன். நம்ம ஆளுங்க கேள்வி முடியுறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சுடுறாங்க. பீப் வர்றதுக்குள்ள பாதி சொல்லி முடிச்சுடுறாங்க. மிஷின் காதுல விழுறது வால் மட்டும்தான்."

"அப்போ யார் தப்பு?"

"என் தப்பு. குறுக்கே பேசுன்னு சொல்லிக் கொடுத்தது நான் தானே."

தோல்வியிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா நிஜமாகவே கற்றுக்கொண்டாள். எனக்கு இப்போது ஆறாமல் இருப்பது அதுதான்.

வகுப்புக்கு ஒரு பீப் சத்தம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு பால் சூடானதும் "டிங்" என்று ஒரு சத்தம் போடும். அக்கா அதைத் தன் செல்போனில் பதிவு செய்தாள். கேள்விகளைத் தன் குரலிலேயே, ஏற்ற இறக்கமில்லாமல், அந்தத் தேர்வுக் குரல் மாதிரியே பேசிப் பதிந்தாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அமைதி, பிறகு டிங். மையத்தின் கணினிகளில் அதை ஏற்றினாள். என் மாமனார் அவள் பதிவு செய்வதைப் பார்த்துவிட்டு, "மருமகளே, பால் பொங்குறதுக்கெல்லாம் பாடம் எடுக்கிறியா?" என்று கேட்டார். வீடே சிரித்தது.

வகுப்பில் சிரிப்பு குறைந்தது. டிங் வருவதற்கு முன்னால் வாயைத் திறந்தால் பூஜ்யம். அப்படித் திறந்தவர் எழுந்து பின்வரிசைக்குப் போக வேண்டும். "டிங் வராம நீங்க பேசினா அது காத்துல போச்சு. பேசாததுக்குச் சமம்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். முதலில் தடுமாறியவர்கள், பிறகு கேள்வி வரும்போதே உதட்டின் மேல் விரலை வைத்துக்கொள்ளப் பழகினார்கள். கொஞ்ச நாளில் விரலும் தேவைப்படவில்லை. என் மேசையிலிருந்து பார்த்தால் இருபது பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். டிங். இருபது வாயும் ஒன்றாகத் திறக்கும். எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்க்கும். அதைப் பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்வில் எல்லோரும் பாஸ். அதற்கடுத்ததிலும் எல்லோரும் பாஸ். மேனேஜர் வாசலில் பேனர் கட்டினார். வாய் திறக்கவே பயந்தவர்களுக்குத்தான் அக்காவின் முறை அதிகம் உதவியது. யாரும் குறுக்கே விழாத அந்த அமைதியில், யோசித்து, வாக்கியத்தைக் கட்டி, தன் முறை வந்ததும் பேசினார்கள். இதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த டிங் பலருக்குச் சோறு போட்டது.

அப்படி வாய் திறக்காதவர்களில் முதல் ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் நாத்தனார், வீட்டுக்குக் கடைக்குட்டி. தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது, இன்னும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கல்யாணமாகிப் போனவள் இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கிளறவில்லை. வாயில்லாப் பூச்சி. பகலில் நாங்கள் நாலு பேரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும் மாமனாரும்தான்.

மாமனார் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாது. அவர் வயதுக்காரர்களுக்குத் தேர்வு கிடையாது என்பதால், இந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை கற்க மாட்டேன் என்று சபதம் போட்டவர். "இந்த வயசுல நாக்கை வளைச்சா திரும்ப நிமிராது" என்பார். அவருக்கு ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தார். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வலி வந்தா வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. அவசர உதவிக்கு உடனே போன் பண்ணுங்க. முதல் அரை மணி நேரம்தான் எல்லாமே" என்றார். வெளியே வந்ததும் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பகலில் வலி வந்தால் போனில் பேச வேண்டியவள் பாப்பா.

"அவளை நான் பேச வச்சுடுறேன்" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அது அவளுடைய பொறுப்பு.

பாப்பாவை வகுப்பில் சேர்த்தாள். எப்படியும் அவளுக்கும் அனுமதிக்குத் தேர்வு தேவைப்பட்டது. தேர்வில் ஒரு கேள்வி வரும்: வீட்டில் ஒருவருக்கு ஆபத்து, உதவி மையத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லுங்கள். அக்கா அந்தக் கேள்வியைப் பாப்பாவுக்கென்றே தனியாகப் பதிவு செய்தாள். "உங்கள் குரல் பதிவு செய்யப்படுகிறது. உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" அமைதி. டிங். "என் அப்பாவுக்கு நெஞ்சு வலி. மூச்சு விடச் சிரமப்படுகிறார். வீட்டு எண் இது. மூன்றாவது மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம். சீக்கிரம் வாருங்கள்." வகுப்பில் சொல்வாள், வீட்டில் காய் நறுக்கும்போது சொல்வாள், மாடிப்படியில் சொல்வாள். ஒரு சொல் பிசகாது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எனக்கு வலி வருதோ இல்லையோ, இவ சொல்றதைக் கேட்டு நெஞ்சு அடிச்சுக்குது" என்பார்.

பாப்பா பாஸானாள். சும்மா இல்லை, மையத்திலேயே முதல் மதிப்பெண். அவளுடைய படத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினார்கள். அன்று அக்கா பாப்பாவின் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "இனிமே எனக்குப் பயமில்ல" என்றாள். எங்கள் எல்லோருக்குமே மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

எப்போது முதலில் கவனித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. "பாப்பா, கேஸ் அணைச்சாச்சா?" என்று கேட்டால் உடனே பதில் வராது. அவள் நம் முகத்தைப் பார்ப்பாள். கேட்டது காதில் விழுந்துவிட்டது என்பது தெரியும். பதில் தயாராக இருப்பதும் தெரியும். ஆனால் எதற்கோ காத்திருப்பாள். பிறகு, "அணைச்சாச்சு." பழைய பாப்பாவும் மெதுவாகத்தான் பேசுவாள், ஆனால் அது தயக்கம். இது வேறு. மாமனார் தன் பாணியில், "என் பொண்ணுக்குள்ள ஏதோ ஒயர் லூசாயிடுச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம்.

பிறகு மையத்திலும் பார்த்தேன். பழைய மாணவர்கள் சான்றிதழ் நகல் கேட்டு வருவார்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் ஒரு கணம் என்னையே பார்ப்பார்கள். எல்லோரும் ஒரே அளவு நேரம். ஒருநாள் எலெக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாக இருக்கும் ஒருவன் வலது கையில் பெரிய கட்டோடு வந்தான்.

"என்னப்பா ஆச்சு கைக்கு?"

ஒரு கணம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். "ஒண்ணுமில்ல மேடம். மேல இருந்து எங்க ஆள் 'மெயினை ஆன் பண்ணட்டுமா, கையை எடுத்துட்டியா'ன்னு கேட்டாரு. நான் இன்னும் எடுக்கலைன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஆன் பண்ணிட்டாரு. அவருக்கு எப்பவும் அவசரம்."

நானும் சிரித்தேன். வகுப்பறை வாசலில் நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை. அவன் படியிறங்கிப் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் மையத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். பாப்பா எடுத்தாள். அக்கா "பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வரும்வரை அவள் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு, "லைன்ல கொஞ்சம் டிலே இருக்கு போல" என்று என்னிடம் சொன்னாள். தனக்கே சொல்லிக்கொள்வது போலத்தான் இருந்தது.

மறுநாள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். கதவு மூடியிருந்தாலும் மேனேஜரின் குரல் எந்தக் கதவுக்கும் அடங்காது.

"டிங்கைக் குறைக்கிறதா? என்ன டீச்சர் விளையாடுறீங்களா? அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்துல உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. 'வெற்றி பெற்ற தொழில்நுட்பம்'னு தலைப்பே போட்டாச்சு. நீங்க போய் அதுல இது சரியில்லைன்னு சொல்லுவீங்களா?"

அக்கா என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. வெளியே வந்து, "இந்தப் பேட்ச் முடியட்டும். அப்புறம் மாத்திடுறேன். பாப்பாவுக்கும் வீட்டுல வேற மாதிரிப் பழக்கணும்" என்றாள். அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போனாள், பேசினாள், கைதட்டு வாங்கினாள். முடிந்ததும் மற்ற மையங்களின் ஆசிரியர்கள் வரிசையில் நின்று அந்தச் சத்தத்தைத் தங்கள் செல்போன்களில் வாங்கிக்கொண்டு போனார்களாம். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் எந்தெந்த ஊரில் எல்லாம் அடிக்கிறதோ. அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சந்தோஷமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்தப் பேட்ச் முடியவில்லை. அதற்குள் ஒரு மத்தியானம் மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, போனைப் பண்ணிடு" என்றார்.

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றெல்லாம் இல்லை. அவள் மிகச் சரியாகச் செய்தாள். முதலில் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். ஜன்னலைத் திறந்தாள். கதவுத் தாழ்ப்பாளை எடுத்து வைத்தாள். அவசர உதவி எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, எடுத்தார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வரவில்லை. மூன்றுமுறை முயன்றும் வராமல் போகவே படியிறங்கித் தெருவுக்கு ஓடினாள். காலி வண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு மாவு மூட்டை வேன்காரரை வழிமறித்து மேலே கூட்டிவந்தாள். அவரும் அவளுமாக மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பாப்பா காலில் செருப்பில்லாமல், உடம்பெல்லாம் மாவோடு நின்றிருந்தாள். டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமலே நிறுத்திக்கொண்டார்.

மாமனார் போன பிறகுதான் வீட்டில் இருந்த சத்தம் எல்லாம் அவருடையது என்பது தெரிந்தது. என் மாமனார் மாதிரி ஒரு மனிதரை நான் இனி பார்க்கப் போவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்ததும் ஆண்கள் இருவருக்கும் கோபம் தலைக்கேறியது. "மூணு தடவை போன் பண்ணியிருக்கா. எடுத்துட்டுக் கட் பண்ணியிருக்கான். சும்மா விடுறதா?" என்றார் அக்கா வீட்டுக்காரர். புகார் கொடுப்பது, போன் எடுத்த ஆளை வேலையை விட்டுத் தூக்கும்வரை ஓயக்கூடாது என்று என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். பாப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

"நம்பரை அழுத்தினேன். பதிவு செய்யப்படுகிறதுன்னு குரல் வந்துச்சு. அப்புறம் ஒருத்தர் பேசினாரு, என்ன உதவி வேணும்னு கேட்டாரு. கொஞ்ச நேரத்துல ஹலோ ஹலோன்னாரு. கட் ஆயிடுச்சு. மூணு தடவையும் அப்படியேதான்."

"பார்த்தியா? ஹலோன்னு சொல்லிட்டுக் கட் பண்ணியிருக்கான் படுபாவி" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பாப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் என்ன உதவி வேணும்னு கேட்டதும் நீ என்ன சொன்னே பாப்பா?"

பாப்பா பதில் சொல்லவில்லை. அக்காவையே பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தோம். பிறகு சொன்னாள்: "இன்னும் சொல்லல. தயாரா இருந்தேன்."

எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. ஆண்கள் இருவருக்கும் புரியவில்லை.

"மூணாவது தடவை எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு பெரிய அண்ணி. கத்திடலாமான்னு தோணுச்சு. ஆனா முன்னாடியே பேசினா பதிவாகாதே. அப்பா விஷயம், வீணாப் போயிடக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டேன். நான் சரியாத்தானே பண்ணேன்?"

அக்கா நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்றால் பாப்பா பிழைத்துக்கொள்வாள். புகார் போகும், யாரோ முகம் தெரியாத ஒருவன் வேலையை இழப்பான். அவன் எங்களுக்கு யார்? எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

அக்கா தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "புகார் கொடுக்க வேண்டாம். அந்த ஆள் மேல தப்பில்ல. யாரும் பேசலைன்னா அவர் என்ன செய்வாரு. தினம் எத்தனை பேர் சும்மா அழுத்திட்டு வைக்கிறாங்க." பிறகு பாப்பாவின் கையைப் பிடித்தாள். "போன்ல டிங் வராது பாப்பா. மனுஷங்க பேசுற இடத்துல எங்கேயும் அது வராது. அதை நான் உனக்குச் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறமும் சொல்லல. பேட்ச் முடியட்டும்னு இருந்தேன்."

பாப்பா கையை உருவிக்கொண்டாள். அவள் அன்று காத்திருக்கவில்லை. அக்கா முடிப்பதற்குள்ளேயே வார்த்தை வந்து விழுந்தது. "அப்போ நான் வாயைத் திறந்திருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

அக்கா நீட்டியிருந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. நீங்க சொன்னதைத் தானே செஞ்சேன். ஒரு சொல்கூடப் பிசகாமச் செஞ்சேன். இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

பாப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எங்கள் எல்லோரிடமும் உடனுக்குடன், சரளமாகப் பேசுகிறாள். அக்காவிடம் மட்டும் பேசுவதில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், அக்கா பரிமாறினால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தானே போட்டுக்கொள்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கா மேலும் இல்லை. நான் முன்பே சொன்னேனே, யார் மேல் என்று தெரியாத கோபம் என்று.

அக்கா மீண்டும் மையத்துக்கு வந்த முதல் நாள், படிக்கட்டுச் சுவரிலிருந்து பாப்பாவின் படத்தைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். நேராக வகுப்புக்குப் போய், இனி டிங் கிடையாது என்று அறிவித்தாள். பிறகு வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் எழுந்து நின்றார்.

"டீச்சர், உங்க வீட்டுல நடந்தது எங்களுக்குத் தெரியும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வாரம் பரீட்சை. அதுல அந்தச் சத்தம் வருமே. பெயிலானா எங்களை வண்டி ஏத்திடுவாங்க. என் பொண்டாட்டி இப்பத்தான் இங்க வந்து சேர்ந்திருக்கா. தயவு பண்ணி டிங்கைப் போடுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. தையல்காரர் என் மேசைக்கு முன்னால் அழுதது எனக்கே ஞாபகம் இருக்கும்போது அக்காவுக்கு இருக்காதா? அவள் வெளியே வந்து என் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். "நீ சொல்லு. போடட்டுமா?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் வாயாடும் நான் சான்றிதழ் நகல்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் ஒரு மணி நேரம் தேர்வுக்காக டிங் வகுப்பு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேறு வகுப்பு. அதில் கணினி கிடையாது, ஹெட்போன் கிடையாது. அக்கா அவர்களைக் குறுக்கே மறிப்பாள், திடீரென்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்பாள், வாயைத் துணியால் மூடிக்கொண்டு முணுமுணுப்பாள், அடுத்த அறையிலிருந்து போன் செய்து கத்துவாள். அவர்கள் உடனே பதில் சொல்ல வேண்டும். மேனேஜர், "சம்பளத்துல இது சேராது டீச்சர்" என்றார். "சேர வேண்டாம்" என்றாள் அக்கா. மற்ற மையங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். வருத்தப்பட்டார்கள். டிங்கை நிறுத்துகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதல் நாள் அந்த அரை மணி நேரத்துக்கு எல்லோரும் இருந்தார்கள். மறுநாள் பாதிப் பேர். அந்த வாரக் கடைசியில் உள்ளே மூன்று பேர்தான். அதில் ஒருவர் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா அந்த மூன்று பேருக்கும் முப்பது பேருக்கு நடத்துவது போல் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் குரல் என் மேசைவரை கேட்டது.

டிங் வகுப்பு முடிந்து கிளம்பியவர்களில் ஒரு பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியில் காலை வைத்தாள். மாதிரித் தேர்வில் இந்தப் பேட்சிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். நான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஏம்மா, டீச்சர் அடுத்த வகுப்பு எடுக்கிறாங்களே, இருக்கலாமில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"அது பரீட்சைக்கு வராதாமே மேடம்."

"பாஸானதும் எங்கே வேலை?"

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். பதில் அவள் வாயில் தயாராக இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் அந்த நேரம் முழுவதும் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிரசவ வார்டுல மேடம்" என்றாள். "இப்பவே சொல்லி வச்சிருக்காங்க."